‘ஏலாத புள்ள’ வளர்ந்த பிறகு: உடல்நலமும் விளையாட்டும் பற்றிச் சில குறிப்புகள்

எங்கள் பக்கத்தில் ‘ஏலாத புள்ள’ என்று ஒரு சொல் உண்டு. காய்ச்சலில் படுத்திருப்பவனையும் ‘ஏலாம இரிக்கான்’ என்போம். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளையையும் ‘ஏலாத புள்ள’ என்போம். காய்ச்சல்காரன் ஒரு கிழமையில் எழும்பி வேலைக்குப் போய்விடுவான். மற்றவனோடு அந்தப் பெயர் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். 40 வயதானாலும் அவன் ‘ஏலாத’வன், ‘புள்ள’. அந்தச் சொல்லில் இரக்கம் இருக்கிறது. இவனிடம் ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம் என்ற முடிவும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த முடிவு அவனுடைய உடம்புக்கு என்ன செய்கிறது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

என் தம்பி 1987இல் பிறந்தான். டவுன் சின்ட்ரோம் உள்ளவன். கல்முனைக் கரையோரத்தில்தான் எங்கள் வீடு. சிறுவயதில் பாடசாலையொன்றின் விசேட கல்வி அலகுக்குப் போனான். அங்கே ஓடினான், பந்து எறிந்தான், விளையாட்டுப் போட்டியில் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பரிசாகவும் வாங்கி வந்தான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அவனுக்கு 17 வயது. உம்மா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அண்டைக்குப் பிடித்த கையை உம்மா பிறகு விடவேயில்லை. பாடசாலை வயதும் முடிந்துவிட்டது. விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, முன்னால் ரீவி, கைக்கெட்டிய தூரத்தில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். இப்படியே 18 வருடங்கள் போயின.

2022இல் அவனைக் கிளினிக்குக் கொண்டுபோனோம். உயரம் 152 சென்ரிமீற்றர், நிறை 81 கிலோ. இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. இரவில் குறட்டை, இடையிடையே மூச்சு நின்று நின்று வந்தது. வைத்தியர் கடதாசிகளையெல்லாம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இவர் பகல் முழுக்க என்ன செய்வார்?” உம்மா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

நான் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிற ஆசிரியை. உடற்பயிற்சியின் பயன்களைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். என் வீட்டு விறாந்தைக்கு அந்தப் பாடத்தை நான் கொண்டுவரவேயில்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

வளர்ச்சிக் குறைபாடு என்பது பிறப்பிலோ குழந்தைப் பருவத்திலோ தொடங்கி வாழ்நாள் முழுக்கக் கூடவே வருவது. அறிவுத்திறன் குறைபாடு, டவுன் சின்ட்ரோம், ஓட்டிசம், மூளை முடக்குவாதம் எல்லாம் இதில் அடங்கும். மனநோய் வேறு, இது வேறு. மருந்து கொடுத்து மாற்றிவிடக்கூடிய நோயும் அல்ல. டவுன் சின்ட்ரோமை எடுத்துக்கொண்டால், உடற்கலங்களில் 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கிறது. யாருடைய பாவமும் கண்ணூறும் அதற்குக் காரணமில்லை.

முந்தைய காலத்தில் இப்படியான பிள்ளைகள் பெரும்பாலும் இளவயதிலேயே மௌத்தாகிவிடுவார்கள். அமெரிக்காவில் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1983 அளவில் ஏறத்தாழ 25 வருடங்கள்தான். இன்று அது 60ஐ எட்டியிருக்கிறது. இருதயச் சத்திரசிகிச்சையும் நல்ல பராமரிப்பும் வந்ததால் ஏற்பட்ட மாற்றம் இது. நம் ஊர்களிலும் 40, 50 வயதைத் தாண்டிய இப்படியானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நமது நினைப்பு இன்னும் ‘சின்னப்புள்ள’ என்ற இடத்திலேயே நிற்கிறது. அறிவு மெதுவாக வளர்ந்தாலும் உடம்புக்கு வயது ஏறாமல் இருப்பதில்லை. சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ரோல், மூட்டு நோவு எல்லாம் நமக்கு வருவது போலவே அவர்களுக்கும் வரும். சிலது நமக்கு முந்தியே வரும்.

உடம்பு ஏன் தளர்கிறது?

முதற்காரணம் பிறவி அமைப்பு. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களின் தசைகள் இயல்பாகவே தளர்வானவை. ஏறத்தாழ அரைவாசிப் பேர் இருதயக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். தைரொயிட் சுரப்பி மந்தமாவது அவர்களிடம் அதிகம். அப்போது களைப்பு, நிறை கூடுதல், மலச்சிக்கல், தோல் வரட்சி எல்லாம் வரும். தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும் அதிகம். இரவில் சரியாக மூச்சு விடாதவன் பகலில் தூங்கி விழுவான். நாங்கள் தம்பியை வருடக்கணக்காக ‘சோம்பேறி’ என்றுதான் சொல்லி வந்தோம்.

இரண்டாவது, மருந்து. வலிப்புக்கும் மனக்கொந்தளிப்புக்கும் கொடுக்கும் மருந்துகளில் சில பசியைத் தூண்டி நிறையைக் கூட்டும். அதற்காக மருந்தை நாமாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. நிறை ஏறுகிறது என்று வைத்தியரிடம் சொன்னால் மாற்று வழியை அவர் பார்ப்பார்.

மூன்றாவது, நோவைச் சொல்லத் தெரியாமை. ஒருமுறை தம்பி மூன்று நாள் சாப்பிடாமல் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தான். ‘பார்வ பட்டிருக்கும், தண்ணி ஓதிக் குடுங்க’ என்றார்கள். ஓதிக் கொடுத்தோம். ஓதுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவனுடைய வாயைத் திறந்து பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாலாம் நாள்தான் பார்த்தோம், கடைவாய்ப் பல் சூத்தை பிடித்துச் சீழ் கட்டியிருந்தது. எந்தக் குழப்பத்தையும் ‘அவன் அப்படித்தான்’ என்று தள்ளிவிடுவதால் பல், காது, வயிறு என்று எத்தனையோ நோய்கள் தெரியாமலே போய்விடுகின்றன. வழமையாக இருப்பவன் திடீரென மாறினால் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும்.

நான்காவது காரணம் நாங்கள். அதாவது எங்கள் பாசம். ‘பாவம், தின்னட்டும். அவனுக்கு வேற என்ன சந்தோசம் இரிக்கி?’ உம்மா சொல்வார், மாமி சொல்வார், பக்கத்து வீட்டார் சொல்வார்கள். வேறு சந்தோசம் ஏன் இல்லாமல் போனது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கலியாண வீட்டில் சஹனில் மிஞ்சிய இறைச்சி அவனுக்கு. பெருநாள் வட்டிலப்பத்தின் கடைசித் துண்டு அவனுக்கு. எழும்பிப் போய்த் தண்ணி குடிக்கக்கூட நாங்கள் விடுவதில்லை, கொண்டுவந்து கொடுப்போம்.

தேத்தண்ணியில் தொடங்கினோம்

ஒருநாள் கணக்குப் பார்த்தேன். தம்பி நாளைக்கு ஆறு தேத்தண்ணி குடித்தான். ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி சுமார் 5 கிராம் என்றால் 90 கிராம், தேத்தண்ணியில் மட்டும். சேர்க்கப்படும் சீனி நாளாந்தச் சக்தித் தேவையின் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு அது 50 கிராம். அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது.

ஒரேயடியாக நிறுத்தினால் சண்டை வரும் என்று தெரியும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறைத்தோம். அவனுக்கென்று ஒரு சின்னக் கோப்பையைக் கடையில் அவனையே தெரிவு செய்யவிட்டோம். நீலக் கோப்பை எடுத்தான். இப்போது நாளைக்கு மூன்று தேத்தண்ணி, ஒன்றுக்கு அரைக் கரண்டி. பிஸ்கட் பெட்டியைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றினோம். கொய்யாப்பழத்தையும் வாழைப்பழத்தையும் கண்ணில் படும் இடத்தில் வைத்தோம். பீங்கானில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீன் என்று பிரித்துப் போடுகிறோம். அவனுக்கு எண்கள் விளங்காது, ஆனால் பீங்கானின் பாதி விளங்கும்.

ஒரு விசயம் முக்கியம். இந்த மாற்றம் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து வர வேண்டும். அவனுக்கு மட்டும் மரக்கறியை வைத்துவிட்டு நாங்கள் பொரித்த கோழி சாப்பிட்டால் அவனுக்கு அது தண்டனை. உணவை ஒருபோதும் பரிசாகவோ தண்டனையாகவோ வைக்காதீர்கள். ‘நடந்தா ஐஸ்கிறீம் தாறன்’ என்று நானும் முதலில் சொன்னேன். பிறகு நடைக்கும் ஐஸ்கிறீமுக்கும் முடிச்சு விழுந்து, அதை அவிழ்க்கப் பெரும்பாடு பட்டேன்.

நோன்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். விளங்கும் அளவுக்குப் புத்தி இல்லாதவர் மீது மார்க்கக் கடமை இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஆனால் வீடே நோன்பு பிடிக்கும்போது தானும் பிடிக்க இவர்களில் பலர் ஆசைப்படுவார்கள். வலிப்பு மாத்திரையோ சீனி மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் விடவேண்டாம். என் தம்பி சஹருக்கு எழும்புவான், காலையில் மாத்திரையோடு சாப்பிடுவான், இஃப்தாருக்கு எங்களோடு கஞ்சிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பாங்குக்காகக் காத்திருப்பான். அவனுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

எவ்வளவு அசைய வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டலில் குறைபாடுகளோடு வாழ்பவர்களுக்கான பகுதி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதன்படி வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை நடுத்தர அளவில் உடம்பை அசைக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் வேலை வேண்டும். அதாவது மற்ற எல்லாருக்கும் சொல்லப்பட்ட அதே அளவுதான். அவ்வளவு ஏலாதவர்கள் ஏலுமான அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். கொஞ்சம் அசைவதும் சும்மா இருப்பதை விட நல்லது. நடுத்தர அளவு என்பதை எப்படி அறிவது? மூச்சு வேகமாகும், ஆனால் பேச முடியும். பாட மூச்சு எட்டாது.

நாங்கள் தொடங்கியது ஐந்து நிமிடத்தில். கடற்கரைப் பக்கம் போக உம்மா விடவில்லை. அதனால் சுபஹுக்குப் பிறகு வயல் பாதையால் போனோம். முதல்நாள் மூன்றாவது மின்கம்பத்தோடு தம்பி நிலத்தில் குந்திவிட்டான். நானும் பக்கத்தில் குந்தினேன். கொஞ்சம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். அடுத்த கிழமை நாலாவது கம்பம். அவன் கம்பங்களைத் தொட்டுத் தொட்டுப் போகத் தொடங்கினான். 26ஆவது கம்பம் வரை போய் வர எங்களுக்கு ஐந்து மாதம் எடுத்தது.

இந்த ஐந்து மாதத்தில் நான் படித்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, ஒரே நேரம், ஒரே பாதை. அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கும் ஓட்டிசம் உள்ளவர்களுக்கும் அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே பெரிய நிம்மதி. சப்பாத்தின் படம், பாதையின் படம், தண்ணீர்ப் போத்தலின் படம், வீட்டின் படம். இந்த நாலையும் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுப் புறப்படுவோம்.

இரண்டு, சொல்லாதீர்கள், செய்து காட்டுங்கள். ‘கையை உயர்த்து’ என்பதை விட நாம் கையை உயர்த்தி நின்றால் அவர்கள் உயர்த்துவார்கள். ஒருநேரத்தில் ஒரு அசைவு. பிறகு பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். கேட்டதை விளங்கிச் செய்ய அவர்களுக்கு நேரம் எடுக்கும். நாம் அவசரப்பட்டு மறுபடி சொன்னால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

மூன்று, கூட்டாளி வேண்டும். ‘போய் நடந்திட்டு வா’ என்று சொன்னால் ஒருநாளும் நடக்காது. ‘வா, நடப்போம்’ என்று சொன்னால் நடக்கும்.

நான்கு, தெரிவு அவர்களுடையது. எந்தச் சப்பாத்து, எந்தப் பக்கம், பந்தா நடையா என்று கேளுங்கள். வாழ்க்கை முழுக்க மற்றவர் முடிவெடுத்த ஒருவருக்கு அது பெரிய விசயம். ‘இண்டைக்கு ஏலா’ என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

விளையாட்டு

நடை மட்டும் என்றால் யாருக்கும் அலுக்கும். பின்வளவில் நாங்கள் விளையாடும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தேசிக்காயைத் தூரத்தில் உருட்டி விடுவோம். ஆளுக்கு மூன்று டெனிஸ் பந்து. யாருடைய பந்து தேசிக்காய்க்குக் கிட்டப் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. இதே முறையிலான ‘பொச்சே’ என்ற விளையாட்டு விசேட ஒலிம்பிக்கில் பெரிய இடம் பிடித்திருக்கிறது. குனிவது, குறிபார்ப்பது, எழும்பிப் போய்ப் பந்து பொறுக்குவது எல்லாம் இதில் இருக்கிறது. சில்லு நாற்காலியில் இருப்பவரும் விளையாடலாம்.

நமது கிழக்குக் கரையில் பொல்லடி என்ற கலை இருந்து வருகிறது. களிகம்பு என்றும் சொல்வோம். தாளத்துக்குக் கம்போடு கம்பு தட்டிச் சுற்றி வருவது. கைக்கும் கண்ணுக்கும் காலுக்கும் ஒருங்கே பயிற்சி தரும் இதைவிடச் சிறந்த ஒன்றை எந்த உடற்கல்விப் புத்தகமும் எனக்குத் தந்ததில்லை. மெதுவான தாளத்தில், இரண்டு பேராக, தேவையென்றால் கதிரையில் இருந்துகொண்டே தொடங்கலாம். மரமேசையில் நாங்கள் தாளம் போட, தம்பி இப்போது நாலு தட்டு வரை பிழைக்காமல் தட்டுகிறான்.

வீட்டு வேலையும் விளையாட்டோடு சேரும். மரத்துக்குத் தண்ணி ஊற்றுவது, முற்றம் கூட்டுவது, கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வருவது. தண்ணீர் நிரப்பிய அரை லீற்றர் போத்தல் இரண்டு இருந்தால் கைகளுக்கு வலுப்பயிற்சியாகிவிடும். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருந்தால் தொடைகளுக்குப் பயிற்சியாகிவிடும்.

சில எச்சரிக்கைகள் அவசியம். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள் சிலருக்குக் கழுத்தின் மேல் இரு எலும்புகளுக்கிடையிலான பிணைப்புத் தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், தலைகீழாக நிற்றல், கழுத்தை அழுத்தும் பயிற்சி எல்லாவற்றுக்கும் முன் வைத்தியரைக் கேட்க வேண்டும். கழுத்து நோவு, நடையில் திடீர் மாற்றம், கை பலவீனம், சிறுநீர் தன்னையறியாமல் போதல் ஆகிய அறிகுறிகள் தெரிந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். இருதயக் குறைபாடு உள்ளவர்களும் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும். வலிப்பு உள்ளவரைத் தண்ணீரில் ஒரு கணமும் தனியே விடக்கூடாது. கை எட்டும் தூரத்தில் நீந்தத் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குப் பிசியோதெரபி பிரிவில் கேட்டு, இறுகிய தசைகளை நீட்டும் பயிற்சிகளோடு தொடங்குவது நல்லது. ஓட்டிசம் உள்ளவர்கள் சிலருக்கு விசில் சத்தமும் கைதட்டலும் தாங்காது. கொடியசைத்து விளையாடலாம். நம் பகுதியின் வெயிலில் பகல் பத்து மணி தொடக்கம் அஸர் வரை வெளியே வேண்டாம். தாகம் என்று சொல்லத் தெரியாதவருக்கு நாமே நேரம் பார்த்துத் தண்ணி கொடுக்க வேண்டும்.

ஒளித்து வைக்கப்பட்ட ஒரு சகோதரி

விசேட ஒலிம்பிக் என்றேன். அதற்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு அறிவுத்திறன் குறைபாடு இருந்தது. 1941இல், அவருக்கு 23 வயதாக இருந்தபோது, தந்தையின் முடிவில் மூளையில் ஒரு சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் நடையும் பேச்சும் பெருமளவு போய்விட்டன. பல வருடங்கள் ஊரறியாமல் ஒரு பராமரிப்பு நிலையத்தில் இருந்தார். செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பம்கூட ஒளித்துத்தான் வைத்தது.

இன்னொரு சகோதரி யூனிஸ் கென்னடி ஸ்ரைவர், 1962இல் மேரிலாந்திலிருந்த தன் வீட்டு வளவிலேயே இப்படியான பிள்ளைகளுக்கு ஒரு கோடைகால விளையாட்டு முகாம் நடத்தினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1968 ஜூலையில் சிக்காகோவில் நடந்த முதலாவது விசேட ஒலிம்பிக். பரா ஒலிம்பிக் வேறு. அது பெரும்பாலும் உடலியக்கக் குறைபாடும் பார்வைக் குறைபாடும் உள்ளவர்களுக்கானது. விசேட ஒலிம்பிக் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே உண்டானது. இலங்கையிலும் அதன் கிளை இயங்குகிறது. 1997 முதல் போட்டி நடக்கும் இடங்களிலேயே வீரர்களின் கண், காது, பல், பாதம் எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கும் ஏற்பாட்டையும் அவர்கள் நடத்துகிறார்கள். குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் முறையும் அவர்களிடம் இருக்கிறது. இது எல்லாம் ஒரு வீட்டு வளவில் தொடங்கியது. நமக்கும் வளவு இருக்கிறது.

மார்க்கமும் சட்டமும்

ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் ரழியல்லாஹு அன்ஹு அறிவிக்கும் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. புத்தியில் ஏதோ குறை இருந்த ஒரு பெண் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து, தனக்கு அவர்களிடம் ஒரு தேவை இருப்பதாகச் சொன்னார். எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் வருவதாக நபியவர்கள் அவரிடம் சொல்லி, அவரோடு பாதையில் போய், அவருடைய தேவை தீரும் வரை நின்றார்கள். பயான்களில் இதை நான் அதிகம் கேட்டதில்லை. அந்தப் பெண்ணை யாரும் வீட்டில் பூட்டி வைக்கவில்லை. அவர் தெருவில் இருந்தார். எந்தத் தெரு என்ற தெரிவும் அவருக்கே கொடுக்கப்பட்டது. ஸூரா அந்நூரின் 61ஆம் வசனமும் பார்வையற்றவர், கால் ஊனமானவர், நோயாளி ஆகியோரைச் சொல்லி, ஒன்றாக உண்பதில் குற்றமில்லை என்று சொல்கிறது.

அப்படியிருக்க, தம்பியை ஜும்ஆவுக்குக் கூட்டிப்போன காக்காவிடம், ‘சத்தம் போடுறான், வீட்ட வச்சிட்டு வாங்க’ என்று ஒருவர் சொன்னார். அதன்பின் வாப்பாவின் வயதையொத்த ஒரு பெரியவர் தம்பியைத் தன் பக்கத்தில் நிறுத்தித் தொழத் தொடங்கினார். அவருடைய கையைப் பார்த்துத் தம்பி கை கட்டுவான். சத்தம் குறைந்துவிட்டது. பள்ளிவாசலுக்குப் போய்வரும் நடையும் அவனுடைய 150 நிமிடத்தில் சேர்கிறது.

நாட்டுச் சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30ஆம் உறுப்புரை விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் கலையிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்குபற்றும் உரிமையைச் சொல்கிறது. மைதானத்தில் ஒரு மணித்தியாலம் கேட்பது பிச்சை கேட்பது ஆகாது.

பெண் பிள்ளைகள்

ஆண் பிள்ளையாவது பள்ளிக்கும் கடைக்கும் போகிறான். பெண் பிள்ளை வயதுக்கு வந்த பிறகு வாசற்படியோடு நின்றுவிடுகிறாள். உம்மாமார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அறைக்குள் வைத்தால் ஆபத்து வராது என்பதும் நிச்சயமில்லை. தன் உடம்பின் பகுதிகளின் பெயர், யார் எங்கே தொடலாம், ‘வேணாம்’ என்று எப்படிச் சொல்வது, யாரிடம் வந்து சொல்வது என்பதை அவளுக்குப் படத்தோடும் பொம்மையோடும் சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இப்போது சனிக்கிழமை அஸருக்குப் பின் மதில் உள்ள ஒரு வளவில் ஐந்து பெண்கள் கூடுகிறார்கள். இருவர் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள். மற்ற மூவர் சீனி வருத்தத்துக்காக நடக்கும் உம்மாமார். யாருக்காக யார் வருகிறார்கள் என்று இப்போது தெரியவில்லை.

ஊர் செய்யக்கூடியவை

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி வேண்டும். முதற்பக்கத்தில் மருந்துகள், ஒவ்வாமை, வலிப்பு உண்டா, நோவு வந்தால் இவர் எப்படிக் காட்டுவார், எதற்குப் பயப்படுவார் என்று எழுதுங்கள். அவசரத்துக்கு யார் கூட்டிப்போனாலும் அந்தக் கொப்பி பேசும். வருடத்துக்கு ஒருமுறை நிறை, குருதியமுக்கம், சீனி, தைரொயிட், கண், காது, பல் பார்க்க வேண்டும். அரச வைத்தியசாலைகளில் 35 வயதைக் கடந்தவர்களுக்கு இலவசமாகப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களின் உடம்பு முந்தியே முதுமையடைகிறது. 40 வயதளவிலேயே மூளையில் மறதி நோய்க்குரிய மாற்றங்கள் தொடங்கலாம். ஆகவே 35 வரை காத்திருக்க வேண்டாம், கிளினிக்கில் கேட்டு முந்தியே தொடங்குங்கள்.

விளையாட்டுக் கழகங்கள் வாரத்தில் ஒரு மணித்தியாலம் மைதானத்தைத் தரலாம், பத்து இளைஞர்களையும் தரலாம். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் ஊரில் இப்படியானவர்களின் பதிவு இருக்கும். அங்கிருந்து தொடங்கலாம். பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு ஜும்ஆவில் இதைப் பற்றி அறிவித்தாலே பல வீட்டுக் கதவுகள் திறக்கும்.

அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. தம்பியின் நிறை 16 மாதத்தில் 81இலிருந்து 74க்கு வந்தது. அங்கேயே நிற்கிறது. சீனிக்கு இன்னும் மாத்திரை எடுக்கிறான். பகல் தூக்கம் குறைந்திருக்கிறது. சில நாட்களில் இன்னும் பிடிவாதமாகக் கதிரையை விட்டு எழும்பமாட்டான்.

உம்மாவுக்கு 72 வயது. ‘நான் மௌத்தானா இவன யாருகா பாக்கிற?’ என்று தொழுகைப் பாயில் இருந்துகொண்டு கேட்பார். முன்பு அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. ஆனால் வயல் பாதையில் அவனுக்கு ஸலாம் சொல்பவர்கள் பதினைந்து பேராவது இருக்கிறார்கள். பாண் கடைக்காரர் அவனுடைய பெயர் தெரிந்தவர். ஒருநாள் நாங்கள் வராவிட்டால் ‘எங்க ஆளக் காணல்ல?’ என்று கேட்பார்கள். 18 வருடம் விறாந்தையில் இருந்தபோது அவனை இப்படித் தேட யாரும் இருக்கவில்லை.

போன மாதம் அவனே கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினான். உம்மாவிடம் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நானும் வாறன்” என்றார். மூன்று பேரும் போனோம். உம்மா அவனுடைய கையைப் பிடித்திருந்தார். ஈரமணல் வந்ததும் அவன் கையை விடுவித்துக்கொண்டு பத்தடி முன்னால் நடந்தான். உம்மா திரும்பக் கூப்பிடவில்லை.